பருப்பு வெந்த ஏரி

தாம்பரத்துக்காரனுக்கு மீன் பிடிக்கும் ஆசை வந்தால் தெற்கே போவதுதான் நியாயம். ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்தால் செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று வழி நெடுக ஏரிகள். ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அந்தத் திசை ஆகாது. ஏரிகளின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏரிகளைப் போலவே வழி நெடுகச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள், அதுதான் சிக்கல். சிங்கப்பெருமாள்கோயிலில் என் சித்தப்பா, செங்கல்பட்டில் என் மனைவியின் பெரியம்மா, அச்சிறுப்பாக்கத்தில் எங்களில் ஒருவருடைய சம்பந்தி. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடுவோம். "வாசல் வழியாப் போனாரு, உள்ள வரல" என்ற செய்தி எங்களுக்கு முன்னால் தாம்பரம் வந்து சேர்ந்துவிடும். உள்ளே போனாலோ காப்பி, டிபன், பெண்ணுக்கு வரன் என்று பொழுது சாய்ந்துவிடும். தூண்டில் வண்டியிலேயே கிடக்கும்.

அதனால் வடக்கு. ஊரையே குறுக்கே கடந்து, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டையும் தாண்டிவிட்டால் ஆந்திரா. அங்கே எங்களுக்கு அத்தை கிடையாது, மாமா கிடையாது. காலை முதல் சாயங்காலம் வரை தூண்டில் போட்டு ஒன்றுமே மாட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் பார்த்துச் சிரிக்க, தெரிந்த முகம் ஒன்று கிடையாது. சிரித்தாலும் தெலுங்கில்தான் சிரிப்பார்கள்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு வழக்கம் விழுந்துவிட்டது. மூன்று பேர். ஒருவர் பாய். பல்லாவரத்தில் தோல் பை, பெல்ட், பர்ஸ் விற்கும் கடை வைத்திருந்தார். ஆம்னி வேன் அவருடையது, ஆகவே பயணமும் அவருடையது. ஏரிக்கரையில் வேனை நிழலில் நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். தூண்டிலைக் கையால் தொட்டது கிடையாது. இன்னொருவர் அண்ணன், வயதில் மூத்தவர் என்பதால் அந்தப் பெயர். தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் வேலை. அந்த ஒரு ஞாயிறு மட்டும் சர்ச்சுக்குப் போகாமல் வருவார், அந்தப் பாவத்தைக் கழிக்கவோ என்னவோ மிக முறையாக மீன் பிடிப்பார். ஃபைபர் கழி, ரீல், தக்கை, மண்புழு டப்பா, மைதா உருண்டை, எல்லாம் ஒழுங்காக இருக்கும். மீன்தான் இருக்காது. மூன்றாவது ஆள் நான். பேசுவதற்காக அழைத்துப் போகப்பட்டவன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் ஜோக் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், வயிறு கலங்கும், எனக்கு வாய் திறந்துகொள்ளும். வெளியே பார்ப்பவர்கள் "ஜாலியான ஆளு" என்பார்கள். என் மனைவிக்கு மட்டும்தான் நிஜம் தெரியும். நான் சாப்பிட உட்கார்ந்து வரிசையாக ஜோக் அடித்தால், "என்னாச்சு? எதுக்குப் பயப்படறீங்க?" என்பாள்.

இந்தக் கதை தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில், தடா பக்கம் ஒரு டீக்கடையில். அன்று எங்கள் மொத்தப் பிடிப்பு ஒரு நண்டு. அதுவும் அண்ணனின் தூண்டிலில் மாட்டவில்லை, செருப்பில் ஏறி வந்தது. பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

"இதோ பாருபா. நானும் வருஷா வருஷம் ஓட்டிகினு வரேன். வூட்ல கேக்கறாங்க, மீன் எங்கன்னு. நீ இன்னா சொல்லுவ?"

"தெலுங்கு மீன், பாய். நாம கூப்பிடறது அதுக்குப் புரியல" என்றேன்.

"சிரிக்காத. அடுத்த வருஷம் ஒரே ஒரு வாட்டி. அதுலயும் ஒண்ணும் மாட்டல, வண்டி ஏலகிரிக்குப் போவும். குடும்பத்தோட. போட்டிங் கீது, ஐஸ்கிரீம் கீது, எல்லாருக்கும் சந்தோசம். இந்தப் பேஜாரே வேணாம்."

அண்ணன் தக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏலகிரியைப் பற்றி நான்கைந்து ஜோக் அடித்தேன்.

அந்த வருடம் ஜூனில் எங்கள் கம்பெனியை மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்று எழுதவில்லை. நாற்பத்தாறு வயதில் காலை நேரத்தில் வீட்டில் இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவே டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்குப் போகும். நான் வாசலில் நின்று, ஏதோ அவர்களை எல்லாம் நான்தான் அனுப்பி வைப்பது மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பேன். கல்யாணம், காதுகுத்து தவிர என்னை எதிர்பார்த்து யாராவது ஒரு இடத்தில் காத்திருப்பார்கள் என்றால் அது பொங்கலுக்குப் பிந்தைய அந்த ஞாயிறு ஒன்றுதான். ஏலகிரி என்ற பெயரைப் பஸ் போர்டில் பார்த்தால்கூட எனக்குப் பகீரென்றது.

அப்புறம் அந்த மழை. அக்டோபரில் பிடித்தது டிசம்பர் வரை விடவில்லை. முடிச்சூரில் படகு விட்டார்கள். எங்கள் தெருவில் பக்கெட்டுகள் தாமாகவே வீடு மாறின. ஆனால் வடக்கே ஒரு நல்லது நடந்தது. அதுவரை ஏரியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே இல்லை. எதில் தண்ணீர் இருக்கிறதோ அதற்குப் போவோம், அவ்வளவுதான். அந்த வருடம் எல்லா ஏரியும் ரொம்பி நின்றன. இப்போது எதற்குப் போவது?

"நீதான் சும்மா கீறியே, நீ போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார் பாய். மனதில் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. அந்த ‘சும்மா’ எனக்குச் சுருக்கென்றுதான் தைத்தது. ஆனாலும் மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்கு நடந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பீச் வரை ஒரு ரயில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இன்னொன்று, பிறகு பஸ், ஷேர் ஆட்டோ, யாராவது ஏற்றிக்கொண்டால் டிராக்டர். தடா பக்கம், சத்தியவேடு பக்கம், நாகலாபுரம் மலையடிவாரம் என்று டிசம்பர் கடைசியில் ஏரி ஏரியாக அலைந்தேன். கரையில் ஏறி நின்று பார்ப்பேன். தண்ணீர் இருக்கும். இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது. மீன் என்பது அடியில் இருக்கிற சமாச்சாரம். மேலே நின்று பார்ப்பவனுக்கு எல்லா ஏரியும் ஒரே மாதிரி பளபளக்கிறது.

மீன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், "சேப்பலு உன்னாயா?"

"உன்னாய்" என்றார் எருமை ஓட்டி வந்தவர்.

"பெத்த சேப்பலு?"

"சால பெத்தவி!" ரொம்பப் பெரிசு என்று இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினார்.

அடுத்த ஏரியிலும் அதே பதில், அதே கை அகலம். அதற்கடுத்ததிலும். இவ்வளவு தூரம் வெயிலில் வந்து கேட்கிற மனிதனை ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப அந்தச் சீமையில் யாருக்கும் மனசு வராது போலிருக்கிறது. அந்த நல்ல குணத்தால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. பாட்டிலில் பிடித்துவந்து வீட்டில் காட்டுவது. வாடகைக்கு வீடு பார்த்தாலும் அப்படித்தான், போர் போட்டாலும் அப்படித்தான், புதிதாக ஒரு லாரிக்காரனிடம் தண்ணீர் வாங்குவதானாலும் அப்படித்தான். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எந்தப் பெண்மணியிடமும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுங்கள், எந்தத் தெரு, எத்தனை அடி போர் என்று சொல்லிவிடுவார்கள். நான் அந்தக் கல்லூரியில் படித்தவன். காலி பாட்டில்களை வாங்கி ஒவ்வொரு ஏரியிலும் ரொப்பி, எது எந்த ஏரி என்று மறக்காமலிருக்க கழுத்தில் வேறு வேறு கலர் நூல் கட்டி, பை கனக்க வீட்டுக்கு வந்தேன். ரயிலில் எதிர்ப் பக்கம் இருந்தவர், "கங்கா ஜலமா சார்?" என்று கேட்டார். "தெலுங்கு கங்கா" என்றேன்.

மனைவி பாட்டில்களை சம்ப் தொட்டி மூடியின் மேல் வரிசையாக வைத்தாள். மீனுக்காக என்று நான் சொல்லிமுடிப்பதற்குள் அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். தண்ணீர் என்று வந்துவிட்டால் எதற்காக என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். முதலில் முகர்ந்தாள். பிறகு சோப்பைக் கரைத்து நுரை வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் டீத்தூள். ஒரு பாட்டில் தண்ணீரில் டீ மையாகக் கறுத்தது.

"இரும்பு. இது நம்ம பழைய வீட்டுத் தண்ணி மாதிரி. துணியெல்லாம் மஞ்சளாயிடும்."

"மீனுக்குத் துணி கிடையாது."

"செவுளு கிடையாதா?" என்றாள்.

சிவப்பு நூல் கட்டிய பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சையாக, பயறு கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதேதோ துள்ளிக்கொண்டிருந்தன. "கருமம், இதை ஏன் ரயில்ல ஏத்திக் கொண்டு வந்தீங்க?" என்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்து, டை கட்டிய ஒருவர் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்க வந்தார். அப்போதெல்லாம் தெருவுக்கு இரண்டு பேர் அப்படி வருவார்கள். நம் வீட்டுத் தண்ணீரை ஒரு டம்ளரில் வாங்கி, இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு, கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் கொதகொதவென்று சாக்கடை நிறத்துக்கு மாறும். "இதைத்தான் மேடம் நீங்க குடிக்கறீங்க" என்று ஒரு துக்கக் குரலில் சொல்வார்கள். எங்கள் சம்ப் தண்ணீர் அவர் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது. மனைவி விடவில்லை. "இதுலயும் விடுங்க, இதுலயும்" என்று ஏரித் தண்ணீர் எல்லாவற்றிலும் கம்பியை விடச் சொன்னாள். நீல நூல் பாட்டிலில் மட்டும் கம்பி விட்டால் ஒன்றுமே ஆகவில்லை. லேசாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். அவர் ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தார்.

"மேடம், இது எந்த ஏரியா தண்ணி?"

"ஆந்திரா" என்றாள் மனைவி, தான் பிறந்த ஊர் மாதிரி. அவர் மிஷினைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசிப் பரீட்சை பருப்பு. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, நாள் முழுக்க விசில் அடித்தாலும் கல்லாகக் கிடக்கும். நீல நூல் தண்ணீரில் போட்டது பூவாக வெந்தது. குக்கரைத் திறந்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"இதான். வேற பேச்சே இல்ல. இதுக்கே போங்க."

நாகலாபுரம் மலையடிவாரத்து ஏரி அது. மனிதனுக்கு இவ்வளவு நல்ல தண்ணீர் மீனுக்கு எவ்வளவு நல்லதாக இருக்கும்! எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட் வாங்குவதற்குக்கூட இவ்வளவு சோதனை செய்ததில்லை. சந்தேகம் எழுந்தது கிளம்பும் காலையில், ஷூ லேஸ் கட்டும்போது. பருப்பு வெந்தது சரி, மீன் எங்கே வந்தது இதில்?

செங்குன்றம் தாண்டுவதற்குள் நான் அடித்த ஜோக்குகளுக்குக் கணக்கில்லை.

"எப்பிடி செலக்ட் பண்ண?" அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார். உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"லேப் டெஸ்ட், அண்ணே. பல கட்டமா."

"ஓ! பிஎச் எல்லாம் பாத்தியா?"

"அதுக்கு மேலயும் பாத்தாச்சு."

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மாட்டும்ல?"

"பாய், இன்னிக்கு மீனுங்க க்யூ நிக்கும். டோக்கன் குடுக்கணும்" என்றேன்.

ஏரியைப் பார்த்ததும் இரண்டு பேரும் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் ஏறி நின்றார்கள். மூன்று பக்கம் மலை. மழையில் கழுவிய பாறை. சின்ன ஏரிதான், ஆனால் இறக்கிவைத்த கண்ணாடி மாதிரி கிடந்தது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. வழக்கமாக ஏரிக்கு ஏரி ஒரு காவல்காரர் மொபெட்டில் வந்து, குத்தகைக்காரர் பெயரைச் சொல்லி அதட்டுவார். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி, மூலையில் ஒரு இடம் வாங்கி உட்காருவோம். இங்கே ஈ காக்கை இல்லை.

"பாத்தீங்களா, தொந்தரவு பண்ண ஆளே இல்ல!"

அண்ணன் கழியை நீட்டிக்கொண்டே சொன்னார். "தம்பி, மீன் இருந்தா காவல் இருக்கும். காவல் இல்லன்னா..." முடிக்கவில்லை. அவர் நல்லவர்.

தூண்டிலைப் போட்டார். தக்கை மிதந்தது. அதற்குக் கீழே நூல் போவது தெரிந்தது. நூல் முனையில் கொக்கி தெரிந்தது. கொக்கியில் புழு தெரிந்தது. புழுவுக்குக் கீழே தரையில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. தெரியாதது ஒன்றுதான்.

"இவ்ளோ தெளிவா இருந்தா பாசி இருக்காது. பாசி இல்லன்னா பூச்சி இல்ல. பூச்சி இல்லன்னா மீன் என்னத்தைத் திங்கும்?" என்றார் அண்ணன். "அப்படியே ஒண்ணு ரெண்டு இருந்தாலும், நமக்கு அது தெரிஞ்சா அதுக்கும் நம்ம மூஞ்சி தெரியுமே."

"நம்ம மூணு மூஞ்சியையும் பாத்துட்டு எதுய்யா வரும்?" என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா டெஸ்ட்டுபா அது?"

கறிவேப்பிலைச் செடிக்குப் போன சிவப்பு நூல் பாட்டில் என் கண்முன் வந்து நின்றது. எல்லாம் உள்ளே துள்ளிக்கொண்டிருந்ததே! சொல்லிவிட்டேன். சோப்பு, டீத்தூள், கம்பி, பருப்பு, எல்லாவற்றையும்.

பாய் ஏரியைக் கையால் காட்டினார். "மீன் புடிக்க ஏரி பாருன்னா, சாம்பார் வெக்க ஏரி பாத்துகினு வந்துகிறான்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அமைதியாக வேனுக்குப் போய், படியில் ஏறி நின்று, செல்போனை வானத்துக்குக் காட்டி டவர் தேட ஆரம்பித்தார். வீட்டுக்குப் பேசி ஏலகிரியில் ரூம் கேட்கச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். டவர் கிடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமிகளோடு பாய், அண்ணன் இருவருடைய சாமிகளிடமும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். ஒரு ஜோக்கும் வரவில்லை. இதைப் பயம் என்று சொல்வதே தப்பு, பயத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று. அங்கே நிற்கப் பிடிக்காமல், ஒதுங்குகிற சாக்கில் கரையோடு நடந்தேன்.

ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் போய் உட்கார்ந்து கீழே பார்த்தேன். மணல் தரையில் வட்ட வட்டமாகக் குழிகள். சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒவ்வொன்றும் காம்பஸ் வைத்துக் கீறினது மாதிரி சுத்தம். வரிசையாக, பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘அடப்பாவிகளா, இங்கேயும் பிளாட் போட்டுவிட்டார்களா!’ ஏரியில் மனை பிரித்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மனைக்குள்ளும் ஒரு கறுத்த மீன் நின்றுகொண்டிருந்தது. ஜிலேபி மீன். சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, முள் நிறைந்தது, அதுதான். ஒன்று கொஞ்சம் எல்லை தாண்டினால் அடுத்த மனைக்காரன் சீறிக்கொண்டு வந்து விரட்டினான்.

கத்தினால் ஓடிவிடுமோ என்று அண்ணனுக்குக் கையால் ஜாடை காட்டினேன். அவர் ஓசையில்லாமல் வந்து, பாறையில் குப்புறப் படுத்து, தூண்டிலை நேராக ஒரு குழிக்குள் இறக்கினார். புழு போய் நட்டநடு மனையில் உட்கார்ந்தது.

மீன் அதைப் பார்த்தது. கிட்டே வந்தது. வாயில் எடுத்தது. அண்ணன் மூச்சை நிறுத்தினார். மீன் புழுவைக் கவ்விக்கொண்டு நிதானமாக நீந்தி, எல்லைக்கு வந்து, வெளியே துப்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மேலே தக்கை ஒரு தடவை தலையாட்டியது, அவ்வளவுதான்.

மறுபடி போட்டார். மறுபடி எடுத்துத் துப்பியது. இந்தத் தடவை பக்கத்து மனையில். பக்கத்து வீட்டுக்காரன் அதைக் கவ்வி அடுத்த மனையில் போட்டான்.

"யோவ்! குப்பைய்யா! நம்ம புழுவைக் குப்பைன்னு தூக்கி வெளிய போடுதுய்யா!" அண்ணன் தன்னை மறந்து அலறினார். "இத்தினி வருசமா தக்கை ஆடுச்சே, ஆடுச்சே, இதுக்குத்தானா ஆடுச்சு?"

அவர் முகத்தில் அவமானம் இல்லை. ரயில் பெட்டியின் அடியில் இவ்வளவு நாள் கேட்ட ஒரு சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது மாதிரி ஒரு வெளிச்சம். இத்தனை வருடம் நாங்கள் தண்ணீரின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கீழே என்ன நடக்கிறது என்று காட்ட, பருப்பு வேகிற தண்ணீர் வேண்டியிருந்தது.

அலறல் கேட்டு பாய் செல்போனோடு ஓடி வந்தார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். நின்றபடியே குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவரும் பாறையில் படுத்துவிட்டார். முடிச்சூரில் அவருக்கு ஒரு மனை இருந்தது. பக்கத்து மனைக்காரர் கல்லை நகர்த்தி நகர்த்தி வேலி போட்ட விவகாரம் எங்களுக்கு மனப்பாடம்.

"கரெக்ட்டுதானேபா அவன் செய்றது?" என்றார் மீனைக் காட்டி. "அவன் எடத்துல நீ இன்னாத்துக்குக் கொட்ற?"

"பாய், அது மீன். நாம அதைப் பிடிக்க வந்திருக்கோம்" என்றேன்.

"இரு, இரு. குடு அத்த இப்படி."

அண்ணன் கையிலிருந்து கழியை வாங்கினார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. யோசனை அவருடையதுதான். மீன் புழுவைத் தின்கிறதா என்று காத்திருக்காமல், குப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற அந்த நேரம் பார்த்துச் சுண்ட வேண்டும். முதலில் சீக்கிரம் சுண்டிவிட்டார். பிறகு தாமதம். "கண்ணு அங்க கீது, கை இங்க கீது" என்று தன்னையே திட்டிக்கொண்டார். நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் படுத்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தோம். எடுத்துட்டான், எடுத்துட்டான், திரும்பறான், இப்ப, இப்ப!

மாட்டியது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பாறையில் விழுந்து துள்ளியது. பாய் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையை எழுத வராது. நான் மனதுக்குள் ஏலகிரிக்கு ஒரு மாலை போட்டு அனுப்பி வைத்தேன். ஒரு மீன். போதும். ஒன்றும் மாட்டவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

"அய்யய்யோ" என்றார் அண்ணன்.

கீழே பார்த்தோம். காலியான குழிக்குள் பக்கத்து மனைக்காரன் வந்து நின்றுகொண்டிருந்தான். வந்தது மட்டுமில்லை, ஏற்கெனவே வாயால் மணல் அள்ளி ஓரத்தைத் தன் பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா! பாத்தியா!" பாய் கத்தினார். "இன்னும் ஆள் செத்தே போவல, அதுக்குள்ள உள்ள பூந்துட்டான் பாரு!" மீனின் வாயிலிருந்து கொக்கியை அவரே கழற்றினார். பல்லாவரம் கடையில் பர்ஸுக்கு ஜிப் மாட்டுகிற விரல், நோகாமல் கழற்றியது.

"பாய், வேணாம்! பாய், அதுதான் நம்ம வருஷத்து..." என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"போடா ராஜா, போ. எடம் உன்னுது" என்று தண்ணீரில் விட்டுவிட்டார்.

மீன் நேராகப் பாறைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. நாங்கள் காத்திருந்தோம். கொண்டுவந்த பிரியாணியைப் பாறைக்கே எடுத்துவந்து, கண்ணை எடுக்காமல் சாப்பிட்டோம். தூண்டில் ஒரு பக்கம் கிடந்தது. திரும்பி வருமா, வராதா என்று ஒரே வாதம். வராது, பயந்திருக்கும் என்றார் அண்ணன். பயந்தாலும் வரும் என்றேன் நான், பயத்தைப் பற்றி எனக்குத் தெரியும். வெயில் சாய்கிற நேரம் அது மெல்ல வெளியே வந்தது. தன் குழியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. உள்ளே நுழைந்தது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தள்ளின. மணல் கலங்கியது. எதுவும் தெரியவில்லை. மணல் அடங்கினால் மறுபடி கவ்விக்கொண்டிருந்தன.

"கிளம்பலாம், இருட்டிடும்" என்று அண்ணன் பலமுறை சொன்னார்.

"முடிவு தெரியாம எப்பிடிபா போறது?" என்று பாய் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் நிழல் தண்ணீரில் ஏறி, அடி தெரியாமல் போன பிறகுதான் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

வண்டியில் சண்டை. அடுத்த வருஷமும் இதே ஏரிதான், அவன் ஜெயிச்சானா இல்லையா பார்க்கணும் என்றார் பாய். மீன் பிடிக்கிற ஏரிக்கும் ஒரு நாள் போகணும், பச்சைத் தண்ணி ஏரி என்றார் அண்ணன். அப்படின்னா ரெண்டு ஞாயிறு போலாம் என்றார் பாய். எந்தெந்த ஏரி என்பதை இனிமேல் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். "நீ பாட்டில் தூக்கிகினு சுத்தாத. வூட்ல இரு."

ஆக ஒரே வருடத்துக்குள் எனக்கு இரண்டாவது வேலையும் போனது. இதற்கு விருப்ப ஓய்வுத் தொகைகூடக் கிடையாது.

மீன் ஒன்றும் இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்டினோம், செங்குன்றத்தையும் தாண்டினோம். பாயின் செல்போனில் டவர் முழுசாக வந்துவிட்டது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மனைக்காரன் ஆள் பெரியவன், வால் வேறு நீளம் என்று கவலைப்பட்டுக்கொண்டே ஓட்டினார். ஏலகிரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானாக ஞாபகப்படுத்த எனக்கென்ன பைத்தியமா?